பட்டி பூசிய வண்டி

எங்கள் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவை வெகு நாள் நான் கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டினேன். கதவு மூடாது என்று சொல்ல முடியாது. மூடும். பிறகு பூந்தமல்லி சாலையில் ஏதாவது ஒரு திருப்பத்தில், தனக்குத் தோன்றிய நேரத்தில், திறந்துகொள்ளும். கீல் தேய்ந்து கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்கதவுக்கும் அதே லட்சணம். காலடியில் தகரம் துருவேறிப் பொரிந்துபோய், மழை நாளில் சாலைத் தண்ணீர் என் புடவைக் கொசுவம் வரை தெறித்தது.

அது ஒரு பழைய நீள ஜீப். நான் கரையான்சாவடியில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். ஞானஸ்நானம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பிரியாணி ஒன்றுதான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அண்டா, கரண்டி, அடுப்பு, வெங்காய மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதற்காகவே அந்த வண்டியை வாங்கினோம். ஓட்டுவது நான். என் கணவருக்கு இரு சக்கர வண்டியே பயம்.

வண்டியின் மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வண்டியைக் கண்டதும் சில ஆண்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. பெட்ரோல் பங்கில் யாரென்றே தெரியாத ஆள் வந்து முகப்பைத் தடவிக்கொடுப்பான். "இந்த இரும்பெல்லாம் இப்ப வர்றதில்லமா" என்பான். அவ்வளவு நல்ல இரும்பென்றால் என் காலுக்கடியில் ஏன் ரஸ்க் மாதிரி உதிர்கிறது என்று கேட்டால் தடவிவிட்டுப் போய்விடுவான்.

இந்த ஜாதியில் தலைசிறந்தவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் ஊரில் ஓடும் எல்லா எஞ்சினையும் அவர்தான் கையால் செதுக்கி அனுப்பினார் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மட்டன் குழம்பில் எலும்பை உறிஞ்சிக்கொண்டே உலகத்து வண்டிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே அடுத்த எலும்பை அவர் தட்டில் வைப்பார். சின்ன வயதில் தகப்பனை இழந்தவர்கள். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அது அவர்களுடைய வழக்கம். என் தலையிலும் அதுவே வந்து விடிந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீல் மாற்றவும் தரைத் தகரம் போடவும் ஆவடிப் பக்கம் ஒரு ஆளைப் பார்க்கப்போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"நீயா?" என்றார் மூத்தார். "உனுக்கு இன்னாமா தெரியும் டிங்கர் வேலயப் பத்தி? ஏமாத்தி உட்ருவானுங்க. எஸ்டேட்டாண்ட எனுக்கு ஒரு ஆள் கீறான். வண்டிய என்கைல குடு. புதுசு மாரி கொணாந்து நிறுத்துறேன்."

"புதுசு மாரி வேணாம் மாமா. கதவு மூடணும், தர ஓட்ட அடையணும், அவ்ளோதான்."

"எல்லாம் செய்வான். நீ பிரியாணியப் பாரு."

என் கணவர் அதற்குள் சாவியையும் வேலைக்கான பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வண்டி போனது போனதுதான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் நான் வாடகைக்குக் குட்டி யானை லோடு வண்டி பிடித்து அலைந்தேன். கேட்டால், "அவசரப்பட்டா வேல சுத்தமா இருக்காதுமா" என்பார். நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. வண்டியின் படம் என்று சொல்லலாம் என்றால், எல்லாவற்றிலும் மூத்தார்தான் நின்றார், வண்டி அவருக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். எல்லாரும் கைகூப்பியும் இதயம் போட்டும் பதில் அனுப்பினார்கள். ஓரகத்தி ஒருபடி மேலே போய், "உங்களால்தான் முடியும்" என்று தன் கணவருக்கே எழுதியிருந்தாள், பக்கத்து அறையில் இருந்துகொண்டு.

கடைசியில் வண்டி வந்தது. முத்து வெள்ளை. பக்கவாட்டில் நெருப்புப் பற்றி எரிகிற மாதிரி ஸ்டிக்கர். முன்கண்ணாடியில் வேத வசனம். சக்கரத்துக்கு வெள்ளி மூடி. அண்டா ஏற்றுகிற வண்டிக்கு நெருப்பு ஜுவாலை எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தெருவே வந்து பார்த்தது. போதகரை அழைத்து ஜெபிக்க வைத்தார் மூத்தார். போதகர் நல்ல மனிதர், ஆனால் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் கதவைத் திறந்து பார்த்தேன். பழைய கீல்தான், மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். தரையில் புது ரெக்ஸின் விரித்து ஓரத்தை ஒட்டியிருந்தது.

விரலை மடக்கிக் கதவின் அடிப்பாகத்தைத் தட்டினேன். அடுத்து மேல்பாகத்தை. மேலே தகரத்தின் சத்தம். கீழே சுவரைத் தட்டுவது போல மொத்தையாக ஒரு சத்தம். வருஷக்கணக்காக அண்டாவோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எதில் ஓட்டை, எதில் ஒட்டு என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"மாமா, இது கீழ பூரா பட்டிதான். தகரம் இல்ல" என்றேன் ஜெபம் முடிந்ததும்.

சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரிதான் வண்டிக்கும் ஒன்று உண்டு. சின்ன நெளிவை நிரப்புவதற்கு அது. தகரமே இல்லாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாக அதை அப்பிவைத்தால் பார்க்க வழவழவென்று இருக்கும், அவ்வளவுதான்.

மூத்தார் தன் கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். "தேங்கா வாங்கப் போன மாரி தட்டிப் பாக்குது பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போதகர்கூடச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவர் சிரித்ததை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து மாங்காட்டில் ஒரு காதுகுத்து. அங்கே தலைமுறையாக விவசாயம் பார்த்து, இப்போது நிலத்தை மனை போட்டு விற்றுவிட்ட பெரிய குடும்பம். மட்டன் பிரியாணி, காலையிலேயே தம் போட்டு ஏற்றினேன். மூத்தார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அழைப்பு ஒன்றும் கிடையாது. அந்த வீட்டுக்காரர்களுக்கு வண்டியைக் காட்ட வேண்டுமாம்.

முந்தின வாரம் முழுக்க நல்ல மழை. குமணன்சாவடி தாண்டியதும் சாலையில் பள்ளமும் வேகத்தடையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. ஓட்டத் தெரிந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆண்களின் காலடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்துக்கொண்டே வருவார்கள். மூத்தாரும் மிதித்துக்கொண்டே வந்தார்.

"பாத்துமா... பாத்து... தோ பஸ்ஸு. பிரேக்கு! பிரேக்குமா!"

நான் ஏற்கெனவே பிரேக் போட்டு வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அது அவருக்குப் போதவில்லை. பலம் கொண்ட மட்டும் ஓங்கி மிதித்தார். பொரித்த அப்பளத்தை உடைத்தது போல ஒரு சத்தம். ரெக்ஸினோடு சேர்ந்து அவர் வலது கால் முழங்கால் வரைக்கும் தரைக்குள் போய்விட்டது.

"ஐயோ கால்! கால்!" என்று அலறினார். உடனே நிறுத்தினேன். அந்த நிமிஷம் எனக்கும் உயிர் போய்த்தான் வந்தது. குனிந்து பார்த்தால் அவர் பாதம் சாலையைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. செருப்பு பின்னால் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தம், வேறொன்றும் இல்லை. ஆனால் காலை மேலே இழுத்தால் தகரத்தின் முனை சதையைக் கிழிக்கிறது. அவரால் அசைய முடியவில்லை.

பின்னால் ஹாரன் சத்தம் கிளம்பியது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே," என்றார், "வண்டிய காலாலயே தள்ளிகினு போறியா?"

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தகரத்தை நெளிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையால் பிடித்ததும் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. காலை வெளியே எடுத்துவிட்டார்கள். செருப்பை ஒரு ஸ்கூட்டர்காரப் பெண் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மூத்தார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே, "நீ ஸ்பீடா ஏத்திட்டமா. அதான்" என்றார்.

பின்னால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் கால் வைக்க இடமில்லை. "ஆட்டோல ஊட்டுக்குப் போய்டுங்க மாமா, காயத்துக்கு ஊசி போடணும்" என்றேன். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அந்த ஓட்டுநர் ஊர் முழுக்கச் சொல்வார் என்று பயந்தாரோ என்னவோ, பின்கதவைத் திறந்து இரண்டு அண்டாவுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாங்காட்டில் பந்தல் வாசலில் வண்டியை நிறுத்தியதும் வெங்காயப் பச்சடி வாளியைக் கையில் பிடித்தபடி இறங்கினார். வீட்டுக்காரர் அவரைப் பரிமாறுகிற ஆள் என்று நினைத்து, "சீக்கிரம் வாப்பா, பந்தி உட்காந்தாச்சு" என்றார்.

மறுநாள் வண்டியை அந்த எஸ்டேட் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கணவரைக் கூடவே கூட்டிப்போனேன். ஓட்டைக்கு மேலே அடுக்களைப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் கால் வைத்துக்கொண்டு வந்தார். ஷெட்காரன் கொஞ்சமும் கூசவில்லை. "பெயின்ட்டு எப்டிக்கா? கண்ணாடி மாரி கீதா?" என்று கேட்டான்.

திருப்புளியை வாங்கிக் கதவின் அடியைச் சுரண்டினேன். வெள்ளைத் தோலுக்குக் கீழே பட்டி கட்டி கட்டியாக விழுந்தது. அதற்குள்ளே, பட்டி நிற்பதற்காக, பெயின்ட் டப்பாவைத் தட்டையாக்கிச் செருகியிருந்தார்கள். டப்பாவில் இருந்த எழுத்துகூட அழியவில்லை. அதற்கும் உள்ளே காலண்டர் அட்டை.

"இதான் வேலையாப்பா?" என்றார் என் கணவர். அவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் அது சாதாரண மனிதர்கள் பேசுகிற அளவுதான்.

"என்ன ஏன் சார் கேக்குற? உங்க அண்ணன கேளு. நான் சொன்னேன், தகரம் வெட்டிப் போடணும் பெர்சு, கீலு மாத்தணும்னு. அவருதான் அதெல்லாம் வோணாம்னாரு. புள்ளைக்கு நிச்சயம் வருதாமே? பொண்ணு ஊட்டாண்ட போயி நிக்கிறப்ப பளபளன்னு இருந்தா போதும், உள்ள எவன் பாக்கப்போறான்னாரு. அந்தக் காசுல ஸ்டிக்கரு, வீல்மூடிலாம் போடச் சொன்னாரு."

ஷெட்காரன் யோக்கியன் இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது பொய்யில்லை என்று என் கணவரின் முகத்திலேயே தெரிந்தது. மூத்தாரின் மகனுக்கு வேப்பம்பட்டில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டாரிடம் "எங்க குடும்ப வண்டி ஒண்ணு கீது" என்று இவர் சொல்லிவைத்திருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. எங்கள் காசு, என் பிழைப்புக்கான வண்டி, அவருக்கு ஒரு நாள் அலங்காரம். அந்த ஓட்டையில் விழுந்தது அவர் கால். கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் என் கால், கிளட்ச்சில் இருக்கிற கால்.

அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆவடிப் பக்கம் தண்ணீர் லாரிகளுக்குத் தொட்டி கட்டுகிற ஆளிடம் நேராகப் போனேன். அவரையும் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். வாய் நிறைய ஹான்ஸ் புகையிலை. "எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குக்கா, ஏன் உயிர வாங்கற" என்றார். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, "தோ வந்துட்டேன்" என்று பைக்கில் கிளம்பிவிடுகிற ரகம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வண்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். அவர் போகிறபோதெல்லாம், "எங்க போறீங்க?" என்று கேட்டேன். டீ குடிக்கவா, இதோ பிளாஸ்க்கில் இருக்கிறது. சாப்பிடவா, டிபன் கேரியரைத் திறந்தேன். என் பிரியாணியைத் தின்றுவிட்டு ஓட அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வேலை நடந்தது.

கிரைண்டர் அந்த முத்து வெள்ளையை அறுத்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். நெருப்பு ஜுவாலை பாதியில் அறுந்து விழுந்தது. அழுகின தரை முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுக் கனமான தகடு வைத்துப் பற்றவைத்தார். கதவுகளின் அடிப்பாகம், படிக்கட்டு ஓரம், பின்கதவின் சட்டம், எல்லாம் புதுத் தகரம். நாலு கீலும் புதுசு. என் கணவர் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறி பட்டு அவர் சட்டையில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது.

"அண்ணன் பாத்தா இன்னா நினைப்பாரோ" என்றார் நடுவில்.

"தகரத்த நேரா புடிங்க" என்றேன்.

வேலை முடிந்தபோது வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. பற்றவைப்பு வரிகள் தழும்பு மாதிரி தடித்துக் கிடந்தன. அதன் மேல் செங்காவி நிறத்தில் துருப் பிடிக்காமல் தடுக்கும் பெயின்ட் அடித்துவிட்டார். பாதி முத்து வெள்ளை, பாதி செங்காவி, நடுவில் அரைகுறை நெருப்பு. கதவை மூடினேன். டப்பென்று மூடியது. மறுபடி திறந்து மறுபடி மூடினேன். "போதும்க்கா, தேஞ்சிடப் போவுது" என்றார் அவர்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மூத்தார் வந்து வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இத்த வச்சிகினு எப்டிமா பொண்ணு ஊட்டு வாசல்ல போயி நிக்கிறது?"

"கால் உள்ள போகாது மாமா" என்றேன்.

அவர் வாடகைக்கு ஒரு புதுக் கார் எடுத்துக்கொண்டார். ஆனால் பெண் வீட்டாரிடம் "சாப்பாடு எங்க செலவு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். சொன்னது அவர், சமைப்பது யார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே அவருடைய கார் முன்னால் போக, அண்டாக்களோடு நான் பின்னால் போனேன். என் கணவர் அண்ணனோடு காரில் போயிருந்தார்.

வேப்பம்பட்டில் பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். வாசலிலேயே இரு வீட்டாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க?" என்று மூத்தாரைக் கேட்டார்.

மூத்தார் வண்டியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"சமையல்காரங்க," என்றார். "பின்பக்கமா போங்கமா."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவுதான் இந்த ஆள் என்று எப்போதோ தெரியும். அடுப்பை இறக்கத் திரும்பினேன். அப்போது என் கணவரின் குரல் கேட்டது.

"சமையல்காரங்க இல்லீங்க. இவரு தம்பி பொண்டாட்டி. நான்தான் அந்தத் தம்பி." அவருக்கு மூச்சு வாங்கியது. "பையனுக்குச் சித்தி. மோதிரம் போடறப்ப முன்னாடி நிக்க வேண்டியவங்க."

மூத்தார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்ணின் தாயார்தான் முதலில் சுதாரித்தாள். என் கையைப் பிடித்து, "உள்ள வாங்க சம்மந்தி, வெயில்ல நிக்கிறீங்களே" என்று இழுத்தாள். பிரியாணியை இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்றேன். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து அண்டாவின் மறுபக்கக் காதைப் பிடித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா அண்டா தூக்குவதைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மோதிரம் போட்டபோது முன்னால்தான் நின்றேன். புடவையில் மசாலா வாசனை. மூத்தார் எனக்கு எதிரில் நின்று, போதகர் ஜெபிக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஷெட்காரன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எலும்பு உறிஞ்ச வருவதும் நிற்கவில்லை. அவருக்குத் தட்டு வைக்கிறேன். எலும்பை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

அன்று மதியம் காலி அண்டாக்களோடு திரும்பினோம். என் கணவர் காரில் ஏறவில்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பாராட்ட வரவில்லை. இத்தனை வருஷத்துக்கு ஒரு வாக்கியம். அதற்குக் கை தட்டவா முடியும்? ஆவடி நெருங்கியதும், "ஒரு டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். ஓரம் கட்டினேன். அவரே போய் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். வாயில் வைக்க முடியாத டீ. கடைக்காரன் சர்க்கரையைக் கொட்டியிருந்தான், பாலில் ஏதோ வாடை. முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.